டென்ஷன் ஆவாத மச்சி!

தமிழ்ல இதைவிட உபயோகமில்லாத அறிவுரை வேற ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, ஏத்துக்கறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் அன்னிக்குப் பசங்ககிட்ட சொல்றோம். இன்டர்வியூவுக்குப் போறவன்கிட்ட சொல்றோம். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கற ஆள்கிட்ட கூசாம சொல்றோம். இதைக் கேட்டதும் டென்ஷன் குறைஞ்சுதுன்னு சொன்ன ஒரு ஆளை நான் இன்னும் பார்த்ததில்ல. அதுவரைக்கும் சும்மா இருந்தவனுக்குக்கூட, 'ஓ, இது டென்ஷன் ஆக வேண்டிய இடம் போலிருக்கே'ன்னு சந்தேகம் வந்துடும்.

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்டல. இப்ப வந்திருக்கறது கிரிக்கெட் விஷயமா. (அரசியல் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கவும், அதுக்கு நிறைய பேர் இருக்காங்க.) அதுலயும் கடைசி ஓவர் போட வர்ற பவுலர். அவன் தலைக்குள்ள என்ன நடக்குது, அவனைச் சுத்தி நிக்கற நாம என்ன பண்றோம், இதைப் பத்திதான் பதிவு.

விஷயம் பேஸ்பால்ல இருந்து ஆரம்பிச்சது. என்கூட வேலை பார்க்கற ஒருத்தர் ரெண்டு வருஷம் ஆன்சைட் போயிட்டு பேஸ்பால் பைத்தியமா திரும்பி வந்திருக்கார். மதியம் சாப்பிடும்போது நாங்க ஐபிஎல் பேசினா அவர் யாங்கீஸ் பேசுவார். ஆரம்பத்துல ஓட்டிக்கிட்டிருந்தோம். ஒரு நாள் பிட்சரைப் பத்தி அவர் சொன்னது மட்டும் மண்டையில தங்கிடுச்சு. பிட்சர்னா நம்ம பவுலர் மாதிரி. மைதானத்து நடுவுல சின்னதா ஒரு மண் மேடு, அது மேல தனியா நிப்பார். அங்கே இருந்து பேட்ஸ்மேன் நிக்கற இடம் 60 அடி 6 அங்குலம். நம்ம பிட்ச் 66 அடி, கிட்டத்தட்ட அதே தூரம்தான். மைதானத்துல இருக்கற மத்த எல்லாரும் நடக்கறதுக்குப் பதில் சொல்றவங்க. இந்த ஒரு ஆள்தான் நடக்கறதை ஆரம்பிச்சு வைக்கணும்.

யோசிச்சுப் பாருங்க, பேட்ஸ்மேனுக்கு அரை செகண்டுதான் டைம். 140 கிலோமீட்டர் வேகத்துல பந்து வரும்போது பயப்படக்கூட நேரம் கிடையாது. கண்ணு பார்க்குது, கை போகுது. பவுலருக்கு அப்படியா? பந்தைத் தேய்ச்சுக்கிட்டு, மெதுவா நடந்து மார்க்குக்குப் போய், திரும்பி நின்னு, ஃபீல்டைப் பார்த்து, அப்புறம் ஓடி வரணும். அந்த நடையில எவ்வளவு வேணா யோசிக்கலாம். 'போன பந்து ஏன் அப்படிப் போச்சு, அடுத்ததும் போயிடுமோ, தோத்துட்டா இவனுங்க என்ன பேசுவானுங்க...' பவுலருக்கு வினையே அந்த நேரம்தான்னு நினைக்கறேன்.

இதுக்கு நம்மாளு சொன்ன கதை ரிக் அங்கீல். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீம் பிட்சர். 2000 அக்டோபர்ல அட்லாண்டா பிரேவ்ஸுக்கு எதிரா பிளேஆஃப் முதல் ஆட்டம். பையனுக்கு வயசு 21. ரெண்டு இன்னிங்ஸ் ஒழுங்காத்தான் போட்டார். மூணாவதுல திடீர்னு கை சொன்ன பேச்சு கேட்கல. ஒரே இன்னிங்ஸ்ல அஞ்சு பந்து, கேட்சரால பிடிக்கவே முடியாத இடத்துக்குப் போச்சு. அதுக்கப்புறம் அந்தத் துல்லியம் அவருக்குப் பழையபடி திரும்பவே இல்ல. பிட்சிங்கை விட்டுட்டு, 2007ல பேட்ஸ்மேனா, அவுட்ஃபீல்டரா அதே டீமுக்குத் திரும்பி வந்தார். எனக்கு ஆச்சரியம் இதுக்கப்புறம் நடந்ததுதான். அவுட்ஃபீல்டரா எங்கேயோ எல்லைக்கோட்டுப் பக்கத்துல பந்தைப் பொறுக்கி, குறி தப்பாம எறிஞ்சு ரன்னர்களை அவுட் ஆக்கினார். 60 அடியில குறி தவறின அதே கை, அதைப்போல பல மடங்கு தூரத்துல இருந்து சரியா எறியுது. வித்தியாசம் என்னன்னா, அங்கே பந்து கைக்கு வந்ததும் எறிஞ்சாகணும். மேட்டுல நின்னு யோசிக்கற வேலை கிடையாது.

இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. சியான் பெய்லாக்னு அமெரிக்க மனவியல் ஆய்வாளர். கோல்ஃப், ஃபுட்பால் ஆடறவங்களை வெச்சு 2000க்கு அப்புறம் வரிசையா நிறைய சோதனை செஞ்சாங்க. கை தேர்ந்த ஆட்டக்காரர்கிட்ட 'உன் கை எப்படிப் போகுது, கால் எங்கே படுதுன்னு கவனிச்சுக்கிட்டே ஆடு'ன்னு சொன்னா ஆட்டம் மோசமாகுது. புதுசா கத்துக்கறவங்களுக்கு அந்தப் பாதிப்பு இல்ல. கைக்குத் தானா வர்ற வேலையை மூளை நடுவுல பூந்து நான் பார்த்துக்கறேன்னு சொன்னா குழப்பம்தான். நம்ம ஊர் பாஷையில, சைக்கிள் ஓட்டும்போது பெடலைக் குனிஞ்சு பார்த்தா விழுந்துடுவோம். (அம்பத்தூர்ல டிஐ சைக்கிள் பக்கத்துல வளர்ந்தவன், இந்த உவமையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.)

சரி, அப்ப நிதானமா இருக்கறவங்கன்னு நாம சொல்ற ஆளுங்க யாரு? பயமே இல்லாத பிறவியா? 'கேப்டன் கூல்'னு நாம தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடற தோனி, 2020ல நம்ம பத்ரிநாத் சேர்ந்து ஆரம்பிச்ச எம்ஃபோர் அமைப்புக்காகப் பேசினப்ப, பேட்டிங் இறங்கினா முதல் அஞ்சு பத்து பந்து வரைக்கும் தனக்கும் இதயத் துடிப்பு எகிறும், பிரஷர் இருக்கும், கொஞ்சம் பயமாவும் இருக்கும்னு சொல்லியிருக்கார். எல்லாருக்கும் அப்படித்தான்னும் சொன்னார். தோனிக்கே நெஞ்சு அடிச்சுக்குதுன்னா, பாடியில பால்காரர் பையனுக்கு அடிக்கக் கூடாதா?

நம்ம ஊர் உதாரணத்துக்கு வர்றேன். விஜய் சங்கர். 2018 மார்ச் 18, கொழும்புல நிதாஹஸ் கோப்பை ஃபைனல். நமக்கெல்லாம் அந்த நாள் தினேஷ் கார்த்திக்கோட நாள். 8 பந்துல 29, கடைசி பந்துல அஞ்சு தேவை, கவர் மேல சிக்ஸர். அதே ஆட்டத்துல எதிர்முனையில இருந்தது இன்னொரு தமிழ்நாட்டுப் பையன். முஸ்தபிசுர் போட்ட 18வது ஓவர்ல மொத்தமே ஒரு ரன், அதுவும் லெக் பை. விஜய் சங்கர் நாலு பந்தைத் தொடவே முடியாம தவிச்சதை டிவியில பார்த்த எனக்கே வயித்தைக் கலக்குச்சு. 19 பந்துல 17 ரன். மேட்ச் ஜெயிச்சும் ஊரே அவரைத் திட்டுச்சு. தோத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பார்க்கவே வேணாம்.

ஒரு வருஷம் கழிச்சு, 2019 மார்ச் 5, நாக்பூர். ஆஸ்திரேலியாவுக்கு எதிரா ஒரு நாள் ஆட்டம். நாம 250. கடைசி ஓவர்ல அவங்களுக்கு 11 ரன் வேணும். ஸ்டாய்னிஸ் அரை சதம் அடிச்சுட்டு நிக்கறார். முக்கிய பவுலர்கள் கோட்டா முடிஞ்சாச்சு, பந்து விஜய் சங்கர் கையில. அதுக்கு முன்னாடி அன்னிக்கு அவர் போட்டதே ஒரே ஒரு ஓவர், அதுல 13 ரன் போயிருந்தது. முதல் பந்துல ஸ்டாய்னிஸ் எல்பிடபிள்யூ. ரெண்டாவது பந்துல ரெண்டு ரன். மூணாவது பந்துல ஜாம்பா போல்டு. முடிஞ்சது கதை, 8 ரன்ல ஜெயிச்சோம்.

ஆட்டம் முடிஞ்சு அவர் சொன்னதுல ரெண்டு விஷயத்தைக் கவனிச்சேன். ஒண்ணு, கடைசில ஒரு கஷ்டமான ஓவர் தனக்கு வரும்னு பல ஓவர் முன்னாடியே மனசுல தயாராகிட்டார். பந்து கைக்கு வந்தப்ப அது அதிர்ச்சி இல்ல, எதிர்பார்த்த விருந்தாளி. இன்னொண்ணு, பும்ரா வந்து பேசியிருக்கார். பந்து கொஞ்சம் ரிவர்ஸ் ஆகுது, ஸ்டம்பைக் குறி வை. அவ்வளவுதான். ஒரு ஆள், ஒரு விஷயம். 'டென்ஷன் ஆவாத'ன்னு பும்ரா சொன்னதா எங்கேயும் தகவல் இல்ல. நிதாஹஸ் கோப்பை தனக்கு ரொம்ப மேலயும் போகாம ரொம்பக் கீழயும் போகாம நடுவுல இருக்கக் கத்துக் கொடுத்ததுன்னும் சொன்னார். அந்த 19 பந்து வீணாப் போகலன்னு நான் எடுத்துக்கறேன்.

அடுத்தது நம்ம நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. இருபது வயசு வாக்குல வரைக்கும் டென்னிஸ் பால்தான். 2015ல ரஞ்சி ஆட வந்தவுடனே பவுலிங் ஆக்‌ஷன் மேல சந்தேகம்னு ரிப்போர்ட். அதுக்கப்புறம் ஆக்‌ஷனையே மாத்தி, திரும்பி வந்து, 2020 ஐபிஎல்ல டிவில்லியர்ஸ் மிடில் ஸ்டம்பைப் பேத்து எடுத்த யார்க்கர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நான் சொல்ல வந்தது அது இல்ல. 2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்தோட மூணாவது ஒரு நாள் ஆட்டம், தொடர் 1-1. நாம 329. ஏழு விக்கெட் போனப்புறமும் சாம் கர்ரன் ஒத்தை ஆளா இழுத்துக்கிட்டு வந்துட்டார். 49வது ஓவர் பாண்ட்யா போடறார். அந்த ஓவர்ல ரெண்டு கேட்ச் நழுவுது. அதுல கர்ரன் கொடுத்த கேட்ச்சை விட்டவர் நடராஜன்.

அடுத்த ஓவர் யாரு? அதே நடராஜன். 14 ரன், 6 பந்து, எதிர்ல 90களில் நிக்கற அதே கர்ரன்.

கேட்ச் விட்ட இடத்துல இருந்து பவுலிங் மார்க் வரைக்கும் ஒரு நடை. அந்த நடைக்குள்ள அவர் மனசுல என்ன ஓடுச்சுன்னு நமக்குத் தெரியாது. என்ன போட்டார்னு தெரியும். முதல் பந்துல ரெண்டாவது ரன்னுக்கு ஓடி மார்க் வுட் ரன் அவுட். கடைசி ரெண்டு பந்துக்கு 12 ரன்னு வந்து நின்னுச்சு. ரெண்டு சிக்ஸர் விழுந்தா அப்பவும் அவங்க ஜெயிச்சிருப்பாங்க. அஞ்சாவது பந்து ஃபோர்தான் போச்சு, ஆறாவதுல ஒண்ணும் இல்ல. மொத்தம் 6 ரன். 7 ரன்ல ஜெயிச்சு தொடரும் நமக்கு. கர்ரன் 95 நாட் அவுட்.

கொரோனா காலம், ஸ்டேடியம் காலி, கூட்டத்தோட சத்தம் இல்ல, அதனால பிரஷர் கம்மின்னு சொல்ற ஆளுங்களும் உண்டு. இருக்கலாம். ஆனா அந்த வாதமே என் பக்கம்தான் பேசுது. சுத்தி நின்னு கத்தற ஆளுங்க இல்லன்னா பவுலர் நல்லாப் போடுவான்னுதானே அதுக்கு அர்த்தம்? :-)

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டா நியாயமில்ல. மேல சொன்ன ரெண்டு பேரும் ஜெயிச்சாங்க, அதனால 'நிதானம்'னு பேர் வாங்கினாங்க. தோத்தவங்க? எங்கப்பாகிட்ட இன்னிக்கும் சேத்தன் சர்மான்னு பேர் எடுத்தா போதும், முகம் மாறிடும். 1986 ஏப்ரல் 18, ஷார்ஜா, ஆஸ்ட்ரல்-ஆசியா கோப்பை ஃபைனல். கடைசி பந்துல பாகிஸ்தானுக்கு 4 ரன். எதிர்ல சதம் அடிச்ச மியான்தத். பவுலருக்கு வயசு 20. யார்க்கர் போட நினைச்சார், ஃபுல்டாஸா போச்சு, சிக்ஸர். முப்பது நாப்பது வருஷமா 'பையன் பதறிட்டான்'னு சொல்லிக்கிட்டிருக்கோம்.

எனக்கு அது ஒத்துக்கவே முடியாது. நாலு ரன் தேவைப்படற கடைசி பந்துக்கு யார்க்கரை விட நல்ல பந்து எது? முடிவு சரி. யார்க்கருக்கும் ஃபுல்டாஸுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு? பந்து விரலை விட்டுப் போறதுல கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தியாசம், அவ்வளவுதான். மெக்ராத்துக்கும் தப்பும், மலிங்காவுக்கும் தப்பும். சேத்தன் சர்மா பதறிட்டாரா இல்லையான்னு அந்த ஒரு பந்தை வெச்சு சொல்லவே முடியாது. அதே 1986ல, ரெண்டு மூணு மாசத்துல, இங்கிலாந்து டூர்ல பர்மிங்ஹாம் டெஸ்ட்டுல 10 விக்கெட். அடுத்த வருஷம் அக்டோபர் 31ல நாக்பூர்ல நியூசிலாந்துக்கு எதிரா ஹாட்ரிக், உலகக்கோப்பை வரலாற்றுலயே முதல் ஹாட்ரிக், மூணுமே போல்டு. மனசு இல்லாத ஆள் இதெல்லாம் செய்வாரா? ஆனா நம்ம ஜனங்களுக்கு அவர்னா ஷார்ஜாதான்.

இதெல்லாம் பெரிய இடத்து விஷயம். நான் இவ்வளவு நீட்டி முழக்கறதுக்குக் காரணம் எங்க ஞாயித்துக்கிழமை டீம்.

எஸ்டேட்டுக்கு உள்ள ஒரு காலி இடம். ஒரு பக்கம் எப்பவோ மூடின கம்பெனியோட காம்பவுண்ட் சுவர், இன்னொரு பக்கம் கருவேல மரம். சுவரைத் தாண்டினா அவுட்டு, பந்தும் போச்சு. டென்னிஸ் பால், பன்னிரண்டு ஓவர், பெட் மேட்ச். டீம்ல பாதி பேர் ஐடி, பாதி பேர் லேத்து பட்டறையும் கொரியர் ஆபீஸும். எல்லாரும் இருபத்தஞ்சைத் தாண்டினவங்க. ஒரே ஒரு பையன் மட்டும் ப்ளஸ் டூ. இடது கை. ஸ்விங்கெல்லாம் தெரியாது, ஆனா சொன்ன இடத்துல பந்தைப் போடுவான்.

போன மாசம் கொரட்டூர் டீமோட மேட்ச். கடைசி ஓவர்ல 9 ரன் தடுக்கணும். ஓவர் போட வேண்டிய ஆளுக்குத் தொடையில பிடிச்சுக்கிச்சு. பந்தைத் தூக்கி பையன்கிட்ட கொடுத்தாச்சு. அதுவரைக்கும் அவன் சுவர் ஓரமா ஃபீல்டிங்ல பராக்கு பார்த்துக்கிட்டிருந்தான். நான் அன்னிக்கு விரல் வீங்கி ஆடல, ஸ்கோர் எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன். முதல் பந்து வைடு. உடனே நாலு திசையில இருந்தும் ஓடி வந்தாங்க பாருங்க... கேப்டன் "தம்பி, கால்ல போடு"ன்னார். கீப்பர் "ஸ்லோவா போடுறா, அவன் சுத்திடுவான்"ன்னார். மிட் ஆஃப்ல இருந்தவர் "வெளிய போடு, வெளிய போடு"ன்னார். வயசுல மூத்தவர் ஒருத்தர் தோள்ல தட்டி நம்ம தேசிய அறிவுரையைச் சொன்னார். அடுத்த பந்து ஃபுல்டாஸ், ஃபோர். மறுபடி கூட்டம், மறுபடி மாநாடு. அடுத்தது ரெண்டு வைடு. ரெண்டு பந்து மிச்சம் இருக்கும்போதே மேட்ச் முடிஞ்சது.

தோத்தது பரவால்ல. அதுக்கப்புறம் பேசினதுதான். "இவனுக்கு தில்லு இல்லப்பா, கடைசி ஓவருக்கு ஆவ மாட்டான்"னு அவன் காதுல விழற மாதிரியே சொன்னாங்க. டீக்கடையில அவன் பக்கத்துல நின்னேன். அவனா ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "ஓடி வரும்போது எந்த அண்ணன் சொன்னதைப் போடறதுன்னே தெரியலண்ணா."

அதுக்கப்புறம் மூணு ஞாயிறு ஆச்சு, பையன் வரல. பரீட்சைன்னு சொல்லிவிட்டானாம். அக்கம்பக்கத்துல விசாரிச்சா சாயங்காலம் தெருவுல சின்னப் பசங்களோட ஆடறானாம், பேட்டிங் மட்டும்.

அவன் சொன்னதைப் பல தடவை யோசிச்சுட்டேன். அவனுக்கு இருந்தது பயமே இல்ல. நாலு பேரோட நாலு முடிவு தலைக்குள்ள ஓட, அவனோட முடிவு எங்கேயோ போயிடுச்சு. எங்க வேலையிலயும் இது உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடும். கால்ல இருபது பேர் சேருவாங்க, அதுல பதினெட்டு பேர் மேனேஜருங்க. ஒருத்தன் லாகைப் படிச்சுக்கிட்டிருப்பான், மீதிப் பேர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "எனி அப்டேட்?". அடி வாங்கி அடி வாங்கி இப்ப எல்லாக் கம்பெனியிலயும் ஒரு முறை கொண்டு வந்துட்டாங்க. பிரச்சனை நடக்கும்போது ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு, அவர் மட்டும்தான் வேலை செய்யறவன்கிட்ட பேசணும், மத்தவங்க கேள்வியெல்லாம் அவர் வழியா. காசு நஷ்டமானா மட்டும் நமக்கு சீக்கிரம் புத்தி வருது.

பேஸ்பால்ல இதை எப்பவோ புரிஞ்சுக்கிட்டாங்க. கேட்சர்தான் பிட்சரோட துணை, என்ன பந்துன்னு கைச்சாடையில ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குவாங்க. பிடிக்கலன்னா பிட்சர் தலையாட்டி மறுத்துடலாம், கடைசி வார்த்தை அவரோடது. கோச்சோ மத்தவங்களோ மேட்டுக்குப் போய் பிட்சர்கிட்ட பேசறதுக்குக்கூட ஒரு ஆட்டத்துக்கு இத்தனை தடவைன்னு கணக்கு இருக்கு. 2023ல இருந்து கடிகாரம் வேற வெச்சுட்டாங்க, சொன்ன செகண்டுக்குள்ள பந்தை எறிஞ்சாகணும். ஆட்டத்தை வேகமாக்கத்தான் அதைக் கொண்டு வந்தாங்க. ஆனா மேட்டுல நின்னு தேவையில்லாம யோசிக்கற நேரமும் அதோட சேர்ந்து போயிருக்கும்.

இதைச் சொன்னா எங்க டீம் பெரிசுங்களுக்குக் கோபம். "நாங்கல்லாம் திட்டு வாங்கித்தான்டா வளந்தோம். சொன்னா தாங்கணும், தாங்கினாத்தான் ஆம்பள." சரிண்ணே. திட்டு வாங்கித் தாங்கினவங்க நீங்க, இங்கே நின்னு பேசறீங்க. தாங்காம போனவங்க எங்கே? அவங்க கிரவுண்டுக்கே வரல, அதனால அவங்க கருத்து நமக்குக் கேட்கல. உங்க செட்டுல எத்தனை நல்ல பவுலர் இப்படி வீட்டுக்குப் போனாங்கன்னு யார் கணக்கெடுத்தா?

இன்னொரு எதிர்வாதம், கொஞ்சம் வலுவானது. கடைசில பந்தைப் போடப் போறது அவன் ஒருத்தன்தானே, மத்தவங்க பேச்சை வடிகட்டத் தெரியறதும் திறமைதானே? உண்மை. நம்ம பக்கத்துலயே, மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயாவில படிச்ச குகேஷ், 2024 உலக செஸ் சாம்பியன்ஷிப்ல டிங் லிரன்கிட்ட முதல் ஆட்டமே தோத்தார். 11வது ஜெயிச்சு முன்னிலை வந்தவுடனே 12வது தோத்தார். அப்படியும் 14வது ஆட்டத்துல, டிசம்பர் 12 அன்னிக்கு, பட்டத்தை எடுத்தார். 18 வயசு. அந்த மனசு அவரோடதுதான், மறுக்கல. ஆனா அவரும் சும்மா விட்டுடல, பேடி அப்டன்னு மனப்பயிற்சிக்குன்னே ஒரு கோச்சை வெச்சு வேலை செஞ்சார். உலக சாம்பியனுக்கே அந்த உதவி தேவைப்படுது. ப்ளஸ் டூ பையன் மட்டும் எல்லாத்தையும் பிறக்கும்போதே கொண்டு வரணும்னு எதிர்பார்க்கறது என்ன நியாயம்?

என்னைக் கேட்டா, பவுலர் கத்துக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே என்ன பந்துன்னு முடிவு பண்ணிடணும், ஓடும்போது மாத்தக் கூடாது. திரும்பி நடக்கும்போது மூச்சை நிதானமா, நீளமா வெளிய விடணும், துடிப்பு நிஜமாவே கொஞ்சம் இறங்கும். நெஞ்சு அடிச்சுக்கறதைப் பத்தி ஹார்வர்ட்ல ஆலிசன் வுட் ப்ரூக்ஸ்னு ஒருத்தங்க 2014ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மேடைப் பேச்சு, பாட்டு, கணக்குப் பரீட்சைன்னு வெச்சுப் பார்த்ததுல, 'நான் அமைதியா இருக்கேன்'னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டவங்களைவிட 'செம ஆர்வமா இருக்கேன்'னு சொல்லிக்கிட்டவங்க நல்லா செஞ்சிருக்காங்க. அடிச்சுக்கற நெஞ்சை அடக்கறது கஷ்டம், அதுக்கு வேற பேர் வைக்கறது சுலபம்.

ஆனா சுத்தி இருக்கறவங்க கத்துக்க வேண்டியது அதைவிட நிறைய. கடைசி ஓவர் உனக்குத்தான் வரலாம்னு ஆளுகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, சுவர் ஓரமா நிக்கற பையன்கிட்ட திடீர்னு பந்தைத் திணிக்காதீங்க. பேசறது ஒருத்தர் மட்டும், கேப்டனோ கீப்பரோ. அவரும் "இதைப் போடு"ன்னு சொல்றதுக்குப் பதிலா "என்ன போடப் போற?"ன்னு கேட்கலாம். பையன் யார்க்கர்னு சொன்னா அதுக்கு ஏத்த மாதிரி ஃபீல்டை மாத்திக் கொடுத்துட்டு நகர்ந்துடணும். அடி விழுந்தா? விழட்டும். அவனே முடிவு பண்ணின பந்துல அடி வாங்கினா, அடுத்த தடவை எதை மாத்தணும்னு அவனுக்குத் தெரியும். நாலு அண்ணன் சேர்ந்து போட்ட பந்துல அடி வாங்கினா அவன் எதைக் கத்துக்குவான்?

வர்ற ஞாயிறு ஆவடி டீமோட மேட்ச். பன்னிரண்டாவது ஓவர் யாருக்குன்னு எட்டாவது ஓவர் முடியறப்பவே சொல்லிடணும், கீப்பரைத் தவிர யாரும் பவுலர்கிட்ட போகக் கூடாதுன்னு கேப்டன்கிட்ட கேட்டிருக்கேன். "பார்க்கலாம்"னார். அவர் பார்க்கலாம்னா பாதி சரின்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு அந்தப் பையன் வீட்டுப் பக்கம் போகலாம்னு இருக்கேன். கீப்பரையும் கூட்டிக்கிட்டுத்தான். அவர் பேசட்டும், நான் வண்டியில உக்காந்திருக்கேன்.